எழுந்து நின்று படியுங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஓரங்க நாடகங்கள் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச வருகிறவனுடைய நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. பந்தி போட்டாச்சா என்று பாதிப் பேர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் நாடக அரங்குகளிலும் இதே சங்கடம் இருந்தது. அங்கே பெரிய மனிதர்கள் வீட்டில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகத்தான் வருவார்கள். அதுவரை, நேரத்தோடு வந்து உட்கார்ந்த ஜனங்களுக்கு ஏதாவது காட்ட வேண்டுமே! அதற்காக ஒரு குட்டி நாடகம் போட்டார்கள். 'கர்ட்டன் ரெய்சர்' என்று அதற்குப் பெயர். ஓரங்க நாடகத்துக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு. இடத்தை அடைக்க வந்த பிள்ளைதான். ஆனால் அந்தப் பிள்ளை பிற்பாடு தனியாகவே பெயர் வாங்கிவிட்டது.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். குறுநாடகத்தை நாற்காலியில் உட்கார்ந்து மனசுக்குள் படித்தால் பாதிதான் கிடைக்கும். எழுந்து நின்று, வாய்விட்டு, நாலு பேராகப் படித்தால்தான் மீதி கிடைக்கும். அந்த மீதியில்தான் நாடகமே இருக்கிறது.

நம்மில் பலர் பி.ஏ. ஆங்கில வகுப்பில் ஓரங்க நாடகங்கள் படித்தவர்கள். எப்படிப் படித்தோம்? கதைச்சுருக்கம், கதாபாத்திரங்களின் குணநலன், இரண்டு சிறு குறிப்பு. அதோடு தேர்வு முடிந்தது, நாடகமும் முடிந்தது. சாய்ந்த எழுத்தில் அச்சாகியிருக்கும் மேடைக் குறிப்புகளை யாராவது படித்தோமா? கண்ணை அப்படியே ஓட்டி, அடுத்த வசனத்துக்குப் போய்விட்டோம். அங்கேதான் சார் புதையல் புதைந்து கிடந்தது!

பலருக்கும் பழக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். அயர்லாந்துக்காரர் ஜே.எம். சிஞ்ச் எழுதிய 'ரைடர்ஸ் டு தி ஸீ'. 1904இல் டப்ளினில் முதலில் மேடையேறியது. அயர்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஆரன் தீவுகளுக்கு 1898 முதல் பல கோடைகள் போய்த் தங்கி, அந்த மீனவ ஜனங்களின் பேச்சைக் காதாரக் கேட்டு எழுதியவர் அவர். நாடகத்தின் நீளம் அரை மணிக்குள் அடங்கும்.

கதை இவ்வளவுதான். மோர்யா என்கிற கிழவி கணவனையும் மாமனாரையும் கடலுக்குக் கொடுத்தவள். ஆறு பிள்ளைகளில் நாலு பேர் போய்விட்டார்கள். ஐந்தாவது மகன் மைக்கேலைக் காணவில்லை. கடைசி மகன் பார்ட்லி குதிரை விற்கச் சந்தைக்குக் கிளம்புகிறான். அம்மா தடுக்கிறாள். அவன் போகிறான். பிணமாகத் திரும்புகிறான். பரீட்சைத் தாளில் எழுத இது போதும். மேடையில் ஏற்ற?

மேடைக் குறிப்பைப் பாருங்கள். திரை விலகும்போதே சுவரோரம் சில புதுப் பலகைகள் சாய்த்து வைத்திருக்கின்றன. மைக்கேலின் உடல் கரை ஒதுங்கினால் சவப்பெட்டி செய்வதற்காக வாங்கியவை. அந்தப் பலகைகளுக்கு முன்னால்தான் அக்காள் கேத்லீன் ரொட்டிக்கு மாவு பிசைகிறாள். பார்ட்லி கயிற்றை எடுக்கிறான், மேல்கோட்டை மாற்றுகிறான். பார்க்கிறவன் கண் பலகை மேலே போய்ப்போய் வருகிறது. யாருக்காக வாங்கியதோ அவனுக்கு அது இல்லை, வேறொருத்தனுக்கு ஆகப்போகிறது என்று ஒரு வரி வசனம்கூட முன்கூட்டிச் சொல்வதில்லை. பலகை சும்மா நிற்கிறது. அது நடிக்கிறது ஐயா!

அடுத்தது ஒரு காலுறை. தொலைதூரக் கரையில் கிடைத்த ஒரு பிணத்தின் உடைகளைப் பாதிரியார் கொடுத்தனுப்புகிறார். அம்மாவுக்குத் தெரியாமல் பரணில் ஒளித்து வைத்த அந்த மூட்டையை, அம்மா வெளியே போன சமயம் பார்த்து இரண்டு பெண்களும் அவிழ்க்கிறார்கள். கயிறு உப்புத் தண்ணீரில் இறுகிக் கிடக்கிறது. கத்தியால் அறுக்கிறார்கள். காலுறையை எடுத்துத் தங்கை நோரா தையல் எண்ணுகிறாள். அறுபது கண்ணி போட்டு நாலைக் குறைத்திருந்தாள். அது அப்படியே இருக்கிறது. அண்ணன் செத்தது அந்தக் கணக்கில் நிச்சயமாகிறது. உட்கார்ந்து படிக்கும்போது இது ஒரு தகவல். மேடையில் ஒரு பெண் விரலால் ஒவ்வொன்றாக எண்ணும்போது அரங்கம் முழுக்க அவளோடு சேர்ந்து எண்ணும். எந்த வேகத்தில் எண்ணுவது, எங்கே விரல் நிற்பது, இதெல்லாம் ஒத்திகையில்தான் தெரியும்.

மூன்றாவது, கதவு. கிழவி பழைய சாவு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முன்பொரு நாள் இன்னொரு மகனைத் தூக்கி வந்தபோது, பெண்கள் எப்படி ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், ஆண்கள் பாய்த்துணியில் எதைச் சுமந்து வந்தார்கள், தண்ணீர் எப்படி வாசல்வரை சொட்டியது என்று சொல்லியபடியே கதவை நோக்கிக் கையை நீட்டுகிறாள். கதவு மெல்லத் திறக்கிறது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள்! அன்று நடந்ததா, இன்று நடக்கிறதா? கிழவிக்கே புரியவில்லை, பார்க்கிறவர்களுக்கும் ஒரு நொடி புரியாது. இதற்கு மைக் வேண்டாம், கலர் விளக்கு வேண்டாம். ஒரு கதவும், சரியான நேரத்தில் வரத் தெரிந்த நாலு பெண்களும் போதும். ஒரு வினாடி முன்னால் வந்தால் போச்சு. ஒரு வினாடி பிந்தினாலும் போச்சு.

கடைசியில், பெட்டி செய்ய ஆணி இருக்கிறதா என்று ஒரு பெரியவர் கேட்கிறார். இல்லை. இத்தனை சவப்பெட்டி பார்த்தவள் ஆணியை மறந்துவிட்டாளே என்று இன்னொருவர் வியக்கிறார். சோகத்தின் உச்சியில் ஆணியைப் பற்றிப் பேச்சு. எழவு வீட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். பந்தலுக்கு யார், காய்கறிக்கு யார் என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார் இல்லையா?

மாணவிகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. மோர்யாவாக நடிக்கிறவர்கள் முடிவில் தலையில் அடித்துக்கொண்டு அழத் துடிப்பார்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நாடகம் அங்கே செத்துவிடும். மற்றப் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். மோர்யா அழுது முடித்தவள். மைக்கேலின் துணிகளைப் பார்ட்லியின் காலடியில் பரப்பி, புனித நீரைத் தெளித்து, காலிக் கிண்ணத்தை மேசைமேல் கவிழ்த்து வைக்கிறாள். இனிக் கடல் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. கிண்ணம் கவிழ்கிற அந்தச் சின்னச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். அதற்கு அரங்கம் மௌனமாக இருக்க வேண்டும். மௌனத்தைச் சம்பாதிப்பதுதான் நடிப்பு.

சரி, எல்லாம் சாவும் சோகமும்தானா என்று கேட்பீர்கள். செகாவின் 'கரடி'யை எடுங்கள். 1888இல் மாஸ்கோவில் மேடையேறியது. கணவனை இழந்த போபவா வெளியே தலைகாட்டாமல் துக்கம் காக்கிறாள். கணவனுக்குப் பிரியமான குதிரை டோபி. அதற்கு இன்று கூடுதலாக ஓட்ஸ் போடச் சொல்லி வேலைக்காரன் லூக்காவுக்கு உத்தரவிடுகிறாள். கடன் வசூலிக்க ஸ்மிர்னோவ் என்கிற முரட்டு நிலக்கிழார் வந்து குதிக்கிறான். கடன் எதற்கு? கணவன் வாங்கிய அதே ஓட்ஸுக்குத்தான். சண்டை முற்றித் துப்பாக்கிவரை போய், காதலில் முடிகிறது. கடைசியில் அவள் லூக்காவிடம் சொல்வது, டோபிக்கு இன்று ஓட்ஸே வேண்டாம் என்று. துக்கம் முடிந்தது என்பதை ஒரு குதிரைத் தீவனத்தை வைத்துச் சொல்லிவிட்டார் மனிதர்!

ஆனால் தொடக்கத்தில் அந்த ஓட்ஸ் உத்தரவு ஜனங்கள் காதில் நன்றாக விழுந்திருந்தால்தான் முடிவில் சிரிப்பு வரும். முதல் வசனத்தில் மென்று விழுங்கினால், கடைசிச் சிரிப்பு போயே போய்விட்டது. இன்னொன்று: ஸ்மிர்னோவ் கோபத்திலும் காதலிலும் நாற்காலிகளை உடைக்கிறான். கல்லூரி நாற்காலியை உடைத்தால் முதல்வர் சும்மா விடுவாரா? முன்பே உடைந்ததைத் தேடிப்பிடித்து, லேசாக ஒட்டி வைத்து, எந்த இடத்தில் கை வைத்தால் 'மடக்'கென்று பிரியும் என்று பழக வேண்டும். காமெடி என்பது தச்சு வேலையும் சேர்ந்ததுதான்.

வசனம் அதிகம் இருந்தால்தான் நாடகம் என்பதும் இல்லை. சாமுவேல் பெக்கெட் 1965இல் எழுதிய 'கம் அண்ட் கோ' நாடகத்தின் மொத்த வசனமே ஏறத்தாழ 120 சொற்கள்தான். மூன்று பெண்கள், ஒரு பெஞ்சு. ஒருத்தி எழுந்து இருட்டுக்குள் போகும்போதெல்லாம், மற்ற இருவரில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொல்கிறாள். கேட்டவள் அதிர்கிறாள். மூவருக்கும் முறை வருகிறது. என்ன சொன்னாள் என்பது நமக்குக் கடைசிவரை கேட்காது. மூன்று பேரைப் பற்றியும் மற்ற இருவருக்கு ஏதோ தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்களுக்கு இது புரியும்.

நம் மொழிக்கு வருகிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) காலத்து நாடகங்கள் விடிய விடிய நடந்தவை. அந்த மரபின் பெருமை வேறு. ஆனால் நவீன நாடகம் தமிழில் வேர்விட்டதில் குறுநாடகத்துக்குப் பெரிய பங்குண்டு. ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' 1960களின் இறுதியில் 'நடை' என்கிற சிறுபத்திரிகையில் அச்சில் வந்தது. அவர் பங்கெடுத்துத் தொடங்கிய கூத்துப்பட்டறை 1977இல்தான் பிறந்தது. ஞாநியின் 'பரீக்ஷா' 1978இல். முத்துசாமியையும் இந்திரா பார்த்தசாரதியையும் மேடைக்குக் கொண்டுவந்த குழு அது. முதலில் தாளில் எழுத்து வந்தது. அதற்கு உடம்பு கொடுக்கப் பிறகுதான் ஆள் வந்தார்கள். இன்றைக்கும் பழைய சிறுபத்திரிகைகளிலும், நம் நூலகத்து அலமாரியிலும் உடம்புக்காகக் காத்துக்கொண்டிருக்கிற நாடகங்கள் இல்லாமலா போகும்?

என் கவலை இதுதான். கல்லூரி விழாக்களில் நாடகப் போட்டி என்று பெயர் இருக்கிறது. மேடையில் வருவதென்னவோ டி.வி.யில் பார்த்த துணுக்குத் தோரணம். பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன். நல்ல நாடகம் இது, இதை இப்படிப் படி என்று யாராவது சொல்லித் தந்தோமா? இரண்டு தலைமுறை இப்படியே போனால், நாடகம் என்றால் ஜோக் என்றே நினைத்துக்கொள்வார்கள். மூன்று வருஷம் படித்துவிட்டு, இன்னொரு மனிதனுடைய துக்கத்தைத் தன் குரலில் ஒரு முறைகூடப் பேசிப் பார்க்காமல் வெளியே போவது நஷ்டமில்லையா?

அதனால் மாணவர்களுக்குச் சில சொற்கள். நாடகம் தேர்ந்தெடுக்கும்போது கதையை மட்டும் பார்க்காதீர்கள். மேடையில் இருக்கும் பொருள்களைப் பட்டியல் போடுங்கள். தொடக்கத்தில் சாதாரணமாக இருந்து முடிவில் கனம் கூடுகிற பொருள் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். யார் பேசாமல் நிற்கிறார்கள், அவர் கை என்ன செய்கிறது என்று கேளுங்கள். முதல் வாரம் வசனத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஹாஸ்டல் மொட்டைமாடியில் சுற்றி நின்று சத்தமாகப் படியுங்கள். எந்த இடத்தில் நாக்கு இடறுகிறதோ, அங்கே மொழிபெயர்ப்பு சரியில்லை. உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றுங்கள். சிஞ்ச், செகாவ் ஆகியோரின் மூல நாடகங்களுக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. அச்சில் வந்த மொழிபெயர்ப்பை எடுத்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பெக்கெட்டுக்கு அனுமதி வேண்டும். தமிழ் ஆசிரியர் என்றால் அவருக்கோ குடும்பத்தாருக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள், அது மரியாதையும்கூட.

முன்னாள் மாணவர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. கேடயமும் சுழற்கோப்பையும் நிறையக் கொடுத்தாயிற்று. அடுத்த ஒன்றுகூடலில் ஒரு மாலைப்பொழுதை நாடகத்துக்கென்று ஒதுக்குவோம். மூன்று குறுநாடகம்: ஒன்று மாணவர்கள் போடட்டும், ஒன்று நாம் போடுவோம், மூன்றாவதை இருவரும் சேர்ந்து போடுவோம். கிழவி வேஷத்துக்கு நம் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை! ஒரு பெஞ்சு, ஒரு கதவு, நாலு பலகை. செலவை நம் சங்கமே தாங்கும்.

மாணவச் செல்வங்களே, இன்று சாயங்காலமே நூலகத்துக்குப் போய் ஒரு ஓரங்க நாடகத்தை எடுங்கள். மூன்று பேரைக் கூப்பிடுங்கள். எழுந்து நின்று படியுங்கள். மற்றதை நாடகமே சொல்லித் தரும்.

பந்தி தயார் என்று செயலாளர் கையசைக்கிறார்.