வரவு எழுதினோம், போனதை எழுதினோமா?

(குனோங் ராபாட்டில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், கிராணியும் சங்க ஊழியருமான ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சம்பளமும் வீட்டு வசதியும் பேச வேண்டிய மேடையில் பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிப் பேச வந்துவிட்டானே இந்தக் கிராணி என்று சிலர் எண்ணலாம். குப்பையும் கூலிக் கேள்விதான். அதை விளக்கவே இங்கு நிற்கிறேன்.

என் வேலை ஸ்டோர் புத்தகம் எழுதுவது. உரமூட்டை இத்தனை வந்தது, புல்லுக்கு அடிக்கும் மருந்து இத்தனை கலன் வந்தது என்று எழுதுகிறேன். உரம் மரத்துக்குப் போயிற்று. மருந்து புல்லுக்குப் போயிற்று. அந்தப் பிளாஸ்டிக் சாக்கும் காலிக் கலனும் எங்கே போயின? அதற்கு என் புத்தகத்தில் இடமே இல்லை. ஆனால் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில சாக்குகள் ஒழுகும் கூரைக்குப் போயின. சில கலன்கள் தண்ணீர் பிடித்து வைக்கப் போயின. விஷம் இருந்த கலனில் குடிதண்ணீர்! மிச்சம் இருந்தவை லயத்துக்குப் பின்னால் எரிந்தன. அந்தப் புகையைக் குடித்தவர்கள் நம் குழந்தைகள்.

வரவு உண்டு, போன கணக்கு இல்லை. ஒரு தோட்டத்தின் கதை இது. நாட்டின் கதையும் இதுவேதான்.

2017-ஆம் ஆண்டுவரை பணக்கார நாடுகள் தாங்கள் ஏற்றுமதி செய்த பிளாஸ்டிக் கழிவின் பெரும்பகுதியைச் சீனாவுக்கு அனுப்பி வந்தன. 2018 தொடக்கத்தில் சீனா கதவைச் சாத்தியது. கப்பல்கள் நம் கரைக்குத் திரும்பின. சிலாங்கூரில் ஜெஞ்ஜாரோம், கெடாவில் சுங்கை பட்டாணி முதலிய ஊர்களில் அனுமதியில்லாத ஆலைகள் முளைத்தன. உருக்க முடிந்ததை உருக்கினார்கள். முடியாததை இரவில் எரித்தார்கள். நம் ஈப்போ வட்டாரத்திலும் அந்நிய நாட்டுக் குப்பை மூட்டைகள் மலைபோல் கிடந்ததை 2019-இல் உலகச் செய்தியாளர்கள் வந்து படம் பிடித்தார்கள்.

அந்த ஆலைகளில் குப்பையைக் கையால் பிரித்தவர்கள் யார்? பெரும்பாலும் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த ஏழைகள். நம் பாட்டனும் பாட்டியும் அவ்வாறே கப்பலேறி வந்தவர்கள். அவர்களை அந்நியர் என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

பொதுமக்கள் குரல் கொடுத்தார்கள், அரசாங்கம் விழித்தது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள், 3,737 டன் கழிவு, 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42, அமெரிக்காவுக்கு 17. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. திருப்பி அனுப்பிய செலவில் ஒரு காசுகூட நம் அரசாங்கம் கொடுக்கவில்லை. ஏற்றியவனும் இறக்கியவனும் கப்பல்காரனும் கொடுத்தார்கள். பண்ணினவன் கட்டட்டும் என்ற நியாயம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று இனி யார் சொல்ல முடியும்?

பேசல் உடன்படிக்கையின் புதிய விதி 2021 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. அசுத்தமான, கலப்படமான பிளாஸ்டிக்கைப் பெறும் நாட்டின் சம்மதமின்றி அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். 2025 ஜூலை முதல் நம் நாடு தன் இறக்குமதி விதியையும் இறுக்கியது. நல்லது. ஆனால் வெளியார் குப்பையைத் தடுத்துவிட்டால், நம் வீட்டுக் குப்பை தானாக ஒழிந்துவிடுமா?

தோழர்களே, இதற்கான பாடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. மங்கில் வடிந்த பாலைத் தனி வாளியில் ஊற்றுகிறீர்கள். உறைந்த கட்டிப்பாலைத் தனியாக எடுக்கிறீர்கள். பட்டையில் ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்துத் தனியாகச் சேர்க்கிறீர்கள். எல்லாவற்றையும் மண்ணோடு கலந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால் நிறுப்பவர் ஏற்பாரா? பிரித்தால் சரக்கு, கலந்தால் குப்பை. பிளாஸ்டிக்குக்கும் இதே சட்டந்தான். தண்ணீர்ப் போத்தலைக் கழுவித் தனியாக வைத்தால் விலை உண்டு. மீன்குழம்போடு சேர்ந்து கிடந்தால் அதை யாரும் தொடமாட்டார்கள்.

2015 செப்டம்பர் முதல் கோலாலம்பூரிலும் ஜொகூர், கெடா முதலிய மாநிலங்களிலும் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாயிற்று. அப்பட்டியலில் பேராக் அன்று இடம்பெறவில்லை. சட்டம் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

எனினும் முழுப் பாரத்தையும் தொழிலாளி முதுகில் ஏற்றுவதை நான் ஒப்பமாட்டேன். காப்பித்தூள் வரும் சிறு பொட்டலத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக்கும் உலோகத் தகடும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். உங்கள் மனைவி எவ்வளவு கழுவினாலும் அதைப் பிரிக்க முடியாது. அப்படிச் செய்தவன் முதலாளி. ஆகவே அதை எடுத்துப் போகும் செலவும் அவனுடையதே. ஜெர்மனி 1991-லேயே பொட்டலம் போட்டவன் மீது அந்தப் பொறுப்பைச் சட்டமாக வைத்தது. பினாங்கில் 2011 முதல் கடைப் பைக்கு 20 காசு வாங்கினார்கள். கூடை கொண்டுபோகும் பழைய வழக்கம் திரும்ப அது ஒரு தூண்டுகோல்.

ஆகவே மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஒன்று: உரச்சாக்கும் மருந்துக் கலனும் எத்தனை வந்தன, எத்தனை திரும்பிப் போயின என்று நிர்வாகம் எழுத்தில் காட்ட வேண்டும். காலிக் கலனை மும்முறை அலசி, துளையிட்டு, விற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். இரண்டு: லயத்துக்கு இரண்டு தொட்டிகள், வாரத்துக்கு ஒருமுறை வண்டி; இதைக் குடியிருப்பு வசதியில் ஒன்றாகக் கேட்போம். மூன்று: பிரிப்பதும் சுமப்பதும் தொழிலாளியின் வேலை என்றால், கையுறையும் கூலியும் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுவோம்.

நம் பங்கும் உண்டு. இன்று முதல் எரிப்பதை நிறுத்துவோம். மழைநீர் தேங்கும் டப்பாவை, மங்கைக் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்து வைப்போம். டிங்கிக் கொசுவுக்கு இடம் கொடாதிருப்போம்.

நாளைக் காலை நான் என் ஸ்டோர் புத்தகத்தில் ஒரு புதுக் கோடு இழுக்கப் போகிறேன். 'காலிச் சாக்கு, காலிக் கலன்: போனது எங்கே?' என்று தலைப்பிட்டு எழுதுவேன். நிர்வாகம் கேட்டால் காரணம் சொல்வேன். அப்போது என் பின்னால் நீங்கள் நிற்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.