அசையும் அழுத்தமும்



டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பணிபுரியும் தமிழர் பலர் ஆங்கிலத்தைப் பிழையற எழுத வல்லவர். எனினும், நெடிய ஆங்கிலச் சொல்லொன்றைக் கூட்டத்தில் உரைக்க நேர்ந்தால், பிறர் நகைப்பரோ என்றஞ்சி வாய்மூடி இருப்போரும் உளர். கற்ற கல்வி அவையில் பயன்படாது போவது பேரிழப்பன்றோ? அவ்வச்சம் நீங்க இரண்டு படிகள் உள்ளன.

முதற்படி, அசை பிரித்தல். நம் யாப்பிலக்கணத்தில் 'மலை' என்பது நிரையசை, அதாவது ஓரசையே. ஆங்கிலத்திலோ ஓர் உயிரொலிக்கு ஓரசை; அக்கணக்கில் அது ஈரசையாகும். எழுத்துகளை எண்ணலாகாது, செவியில் விழும் உயிரொலிகளையே எண்ணுதல் வேண்டும். சொல்லை மெய்யெழுத்தில் தொடங்குவதும், வல்லின மெய்யில் முடிப்பதும் தமிழ் மரபன்று. ஆதலால் 'ஸ்டாம்ப்' என்னும் ஓரசைச் சொல் நம் நாவில் 'இஸ்டாம்பு' என மூவசையாகி விடுகின்றது.

இரண்டாம் படி, அழுத்தம் அறிதல். தமிழில் 'படம்', 'பாடம்' எனக் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்தும். ஆங்கிலத்தில் அழுத்தமும் அப்பணியைச் செய்யும். 'ரெக்கார்ட்' என்பதன் முதலசையை அழுத்தினால் ஆவணம் என்னும் பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவுசெய் என்னும் வினை. அழுத்தம் பெற்ற அசை உரத்தும் சற்றே நீண்டும் ஒலிக்கும். ஏனைய அசைகளின் உயிரொலி பெரும்பாலும் மெலியும். நாமோ எல்லா அசைகளையும் ஒரே நிறையில் ஒலிக்கிறோம். கேட்போர் தடுமாறுவது அதனாலேயே.

அழுத்தத்தின் இடத்தைப் பல சொற்களில் ஈறே காட்டிவிடும். 'ஷன்', 'இக்', 'இட்டி' என முடியும் சொற்களில், பெரும்பாலும் அவ்வீற்றுக்கு முந்திய அசையே அழுத்தம் பெறும். 'அட்-மி-னி-ஸ்ட்ரே-ஷன்' என்பதில் நான்காம் அசை. 'இ-லெக்-ட்ரிக்' என்பதில் இரண்டாம் அசை. 'இ-லெக்-ட்ரி-சி-டி' என்பதில் மூன்றாம் அசை. 'அரித்மெட்டிக்' என்னும் பெயர்ச்சொல் போன்ற விலக்குகளும் உண்டு. அதில் இரண்டாம் அசையே அழுத்தம் பெறும். ஐயம் எழுந்தால் அகராதியை நாடுக. டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி போன்றவற்றில், அழுத்தமுள்ள அசைக்கு முன்னே சிறு நிலைக்கோடு இடப்பட்டிருக்கும்.

பஞ்சாபியரும் வங்காளியரும் தத்தம் தாய்மொழியின் ஓசையோடுதான் ஆங்கிலம் பேசுகின்றனர். நம் ஓசையும் நம்மோடு இருக்கட்டும். அழுத்தம் மட்டும் உரிய இடத்தில் விழட்டும். நாள்தோறும் அலுவலகக் கோப்பில் காணும் ஐந்து நெடுஞ்சொற்களை எடுத்து அசை பிரியுங்கள். அழுத்தமுள்ள அசை வரும்போது மேசையை ஒருமுறை தட்டி, உரக்கச் சொல்லுங்கள். நாளடைவில் செவி பழகும், நாவும் துணியும்.