படிப்பு ஏறாது என்றவர்களுக்கு



'இதுகளுக்குப் படிப்பு ஏறாது.' நம் பிள்ளைகளைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட வார்த்தை இது. இந்த நினைவு நாளில் இதை அறிவியலின் முன் நிறுத்தி விசாரிக்க விரும்புகிறோம்.

பேச்சு எந்தக் குழந்தைக்கும் கேட்டுப் பழகியே வந்துவிடுகிறது. வாசிப்பு அப்படியல்ல, ஒருவர் கற்றுத்தர வேண்டும். எழுத்து தோன்றிச் சுமார் 5000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கென்று தனி உறுப்போடு எந்தச் சாதியிலும் எவரும் பிறப்பதில்லை. முகங்களையும் பொருள்களையும் இனங்காணும் மூளைப் பகுதியின் ஒரு பங்குதான் பயிற்சியால் எழுத்துக்குப் பழகுகிறது. ஸ்தனிஸ்லாஸ் தெஹானின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில் பிரேசில், போர்ச்சுகல் நாட்டவர் 63 பேர் பங்கேற்றனர். வளர்ந்த பின் எழுத்தறிவு பெற்றவர்களின் மூளையிலும் இம்மாற்றங்களில் பெரும்பாலானவை காணப்பட்டன. நம் தாய்மார்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை.

பிறகு ஏன் நம் பிள்ளை வகுப்பில் திக்குகிறது?

முதல் காரணம், மொழி. எழுத்தை ஒலியாக்குவதும் பேச்சைப் புரிந்துகொள்வதும் சேர்ந்ததே வாசிப்பு என்று 1986இல் காஃப், டன்மர் இருவரும் விளக்கினர். பாடநூலில் 'மழை வந்தது' என்றிருப்பதை நம் பிள்ளை 'மழ வந்துச்சு' என்று வாசிக்கிறது. பொருள் புரிந்ததால்தான் அப்படி வாசித்தது. அதைக் கொச்சை என்று அதட்டினால், அதனிடம் இருக்கும் பாதி வாசிப்பையும் பிடுங்கிவிடுகிறோம்.

இரண்டாவது காரணம், சாதி. கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்தனர். சாதியைச் சொல்லாதபோது தலித் சிறுவர்கள் மற்றவர்களுக்கு ஈடாகவே விடுவித்தனர். எல்லோர் முன்பும் சாதியை அறிவித்தபோது அவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அறிவு அதேதான், அறிவிப்பு மட்டுமே புதிது. உரக்க வாசிக்க எழுந்து நிற்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது என்று எப்படிச் சொல்வோம்?

சத்தாரா பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் தனிக் கோணிச்சாக்கில் உட்கார வேண்டியிருந்தது. இன்று கோணி இல்லை. ஆனால் உதவித்தொகைக்காக 'எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க' என்று வகுப்பில் கூப்பிடும் குரல் ஓயவில்லை. அந்தக் குரலை நிறுத்தச் சொல்லிப் பள்ளிதோறும் கேட்போம்.

நம் மாலை வகுப்புகளில் வேறு விதமாகத் தொடங்குவோம். பிள்ளை சொல்லும் கதையை அதன் பேச்சிலேயே எழுதிக் கொடுப்போம், அதையே வாசிக்கட்டும். தன் சொல் தாளில் நிற்பதைக் கண்ட பிள்ளையை நூல் தமிழுக்கு அழைத்துச் செல்வது கடினமல்ல. நூல் தமிழும் நமக்கு உரியதுதான்.

ஜெய்பீம்.