அந்த நாலு பேர் நாம்தான்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியது)

தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்தாயிற்று. எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

நான் முன்பு குடியிருந்த இடத்தில் ஒரு தோழி. தினமும் சேர்ந்து வாக்கிங் போவோம். "பையன் கல்யாணச் சாப்பாடு எப்போது?" என்று ஓயாமல் கேட்பேன். திடீரென்று அவர் வருவதை நிறுத்திவிட்டார். பல வருடம் கழித்துத்தான் காரணம் சொன்னார். மகனுக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு. அதை ஏற்றுக்கொள்ள அவருக்குச் சில மாதங்கள்தான் ஆனதாம். எனக்குப் பதில் சொல்லும் தைரியம் வர ஏழு வருடம் ஆகியிருக்கிறது. அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்கிறோமே, அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி.

வெளிப்படையாகப் பேசிய பெற்றோர் உண்டு. நியூயார்க்கில் ஜீன் மேன்ஃபோர்டு என்ற பள்ளி ஆசிரியை இருந்தார். தன்பால் ஈர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய அவர் மகன் மார்ட்டியை 1972 ஏப்ரலில் அடித்துக் காயப்படுத்தினார்கள். அவர் பத்திரிகைக்குத் தன் பெயரிலேயே கடிதம் எழுதினார். ஜூன் மாதப் பேரணியில், பெற்றோரே, பிள்ளைகளுக்குத் துணையாக ஒன்றுசேருங்கள் என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு மகனோடு நடந்தார். வழியெல்லாம் இளைஞர்கள் ஓடிவந்து, "எங்கள் வீட்டிலும் பேசுங்கள்" என்று கெஞ்சினார்கள். அடுத்த வருடம் ஒரு தேவாலயத்தில் சுமார் இருபது பேரோடு பெற்றோர் சங்கம் ஆரம்பமானது. இன்று அமெரிக்கா முழுவதும் அதற்குக் கிளைகள் உண்டு.

நம் நாட்டில் லீலா சேத். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி, எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயார். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஆவது பிரிவு செல்லும் என்றதும், ஒரு தாயாகவும் நீதிபதியாகவும் பத்திரிகையில் அதை எதிர்த்து எழுதினார். அப்போது வயது 83. 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பு மாறியது. பார்க்க அவர் இல்லை; முந்தைய வருடமே காலமாகிவிட்டார்.

2025 மே மாதம், ஒரு பெண்ணை அவர் துணையிடமிருந்து குடும்பத்தார் பிரித்துவைத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிடுவதில்லை என்று நீதிபதிகள் வருத்தத்தோடு குறிப்பிட்டார்கள். அந்தப் பெண் விரும்பியபடி போகலாம் என்றும் சொன்னார்கள்.

எல்லோரும் லீலா சேத் ஆக முடியாதுதான். ஆனால் அக்கம்பக்கத்தார் நாம் கொஞ்சம் மாறினால், ஒரு சாதாரண அம்மா அப்பாவுக்கு அத்தனை தைரியம் தேவைப்படாது. லிஃப்டில் கல்யாணக் கேள்வி வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் கேலி வீடியோக்கள் வேண்டாம். அதைப் பார்த்துச் சிரிக்க முடியாத வீடு நம் பிளாக்கிலேயே இருக்கலாம். யாராவது மனம் விட்டுச் சொன்னால், "நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இது நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே முடிவு செய்துவிட்டது. "பிள்ளை நன்றாக இருக்கிறானா? வரும்போது வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்" என்று கேளுங்கள், போதும்.

நான் அதைத்தான் கேட்டேன், ஏழு வருடம் தாமதமாக. தோழியும் மகனும் போன தீபாவளிக்கு வந்திருந்தார்கள்.