பன்னிரண்டு என்னும் பெயர்

சென்ற மழைக்காலத்தில் இருபது நாள் வெளியூர் போய்த் திரும்பி வந்தபோது, என் ஸ்கூட்டர், ஸ்டார்ட்டரை எத்தனை முறை அழுத்தினாலும் 'டக், டக்' என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிட, அடுத்த வீட்டுக்காரர் தம் கார் பேட்டரிக்காக வைத்திருந்த பழைய சார்ஜரை அன்போடு எடுத்துக் கொடுத்தார். அதிலும் 12 வோல்ட், இதிலும் 12 வோல்ட் என்று எழுதியிருந்தமையால், ஜாதகப் பொருத்தம் பூரணமாகக் கூடிவிட்டதென்று எண்ணி, இரவு அதை மாட்டிவிட்டு நிம்மதியாக உறங்கிப்போனேன். விடியற்காலையில் பேட்டரியின் பக்கங்கள் பணியாரம்போல் உப்பியிருந்தன. அழுகிய முட்டையின் நாற்றம் வீட்டு வாசல்வரை அடித்தது.

பேட்டரிக் கடைக்காரர் மீட்டரின் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் முனைகளில் வைத்துப் பார்த்துவிட்டு, "பத்தரைதான் காட்டுது சார், ஒரு செல் போயிடுச்சு" என்றார். எண்ணைப் பார்த்தவுடனே அவர் எப்படி நோயைச் சொன்னார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1859-இல் பிரான்சு தேசத்துப் பிளாண்டே என்பவர் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு அமைத்த அதே முறையில்தான் இன்றும் இவ்வகைப் பேட்டரி வேலை செய்கிறது. உள்ளே ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆகவே நிறைந்திருக்கையில் மொத்தம் 12.6. அதில் ஓர் அறை செத்தால் மிஞ்சுவது பத்தரை.

ஆகவே பன்னிரண்டு என்பது அளவன்று, பெயர். பொன்னுசாமி என்று பெயர் வைத்துக்கொண்டவர் வீட்டில் பொன் எவ்வளவு என்பது பெட்டியைத் திறந்தால்தானே தெரியும்! 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 11.9-க்கு வந்துவிட்டால் அநேகமாகக் காலி. நிறைவுக்கும் வறுமைக்கும் நடுவே ஒரு வோல்ட்கூட இல்லை. சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். சில மணி நேரம் சும்மா வைத்திருந்து அளப்பதே உசிதம்.

பேட்டரிக்குள் மின்சாரத்தைச் செலுத்த வேண்டுமானால் சார்ஜரின் அழுத்தம் அதைக் காட்டிலும் அதிகமாக, சுமார் 14.4 வோல்ட் வரையில் உயர வேண்டும். நிறைந்ததும் பதின்மூன்றரைக்குச் சற்று ஏறக்குறைய இறங்கிக் காத்திருக்க வேண்டும். அந்தப் பழைய சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. நிறைந்த பின்னும் செலுத்திய மின்சாரம், உள்ளிருந்த நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துக்கொண்டே இருந்தது. மூடி முத்திரையிட்ட பேட்டரியாகையால், இழந்த நீருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் வழியில்லை. போதாக்குறைக்கு, பேட்டரி வெறும் ஐந்து ஆம்பியர்-மணி. அதற்குப் பத்தில் ஒரு பங்காகிய அரை ஆம்பியர் போதுமென்றிருக்க, சார்ஜர் ஆறு ஆம்பியரைத் திணித்திருந்தது. 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரிக்கோ பதினைந்து ஆம்பியர் தாராளமாகக் கொடுக்கலாம்.

லித்தியத்தின் சங்கதி வேறு. 3.7 வோல்ட் என்று பெயர் பெற்ற செல் 4.2-இல் நிறைகிறது, இரும்பு பாஸ்பேட் சேர்ந்த இனத்துக்குப் பெயர் 3.2, எல்லை 3.65. ஒன்றின் சார்ஜரை மற்றொன்றில் மாட்ட ப்ளக் இடம் கொடுத்தாலும், ரசாயனம் இடம் கொடுக்காது. இங்கே தவறினால் நாற்றத்தோடு போகாது, தீயே பிடிக்கலாம். கைப்பேசிக்கு மட்டும் நாம் சற்றுக் கவலையற்று இருக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் உண்டு. நாம் சார்ஜர் என்றழைக்கும் வெள்ளைக் கட்டி மின்சாரம் வழங்கும் சாதனம் மட்டுமே. கணக்குப் பார்த்து நிறுத்துகிற உண்மையான சார்ஜர் போனுக்குள்ளேயே இருக்கிறது.

சார்ஜர் வாங்கப் போகிறவர்கள், தயவுசெய்து பேட்டரியின் முதுகிலுள்ள இனம், வோல்ட், ஆம்பியர்-மணி ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். நிறைந்ததும் தானே நிறுத்துமா என்று கடையில் கேளுங்கள். என் புதுப் பேட்டரிக்கு அரை ஆம்பியர் சார்ஜர் ஒன்று வாங்கியிருக்கிறேன்; நிரம்பப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கிறது.