பதக்கத்தின் இரு வாசகங்கள்



வில்பிரட் ஓவன் என்னும் ஆங்கிலக் கவிஞரைப் போரை வெறுத்துப் பாடியவர் என்றே பலரும் அறிவர். அவர் காலாட்படை அதிகாரியாக இருந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கவிதைகளுக்குப் போய்விடுவது பேச்சாளர் வழக்கம். அந்த ஒரு வரிக்குள் ஒரு பதக்கம் இருக்கிறது. அதன் பாராட்டுரை இரண்டு வடிவங்களில் வழங்கி வந்தது.

1893இல் பிறந்த ஓவன், 1915 அக்டோபரில் ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைபிள்ஸ் படையில் சேர்ந்தார். 1916 ஜூனில் மான்செஸ்டர் ரெஜிமென்டில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1917 சனவரியில் பிரான்சின் சோம் பகுதிக்கு வந்த சில நாட்களிலேயே, இரு படைகளுக்கும் இடைப்பட்ட பாழ்நிலத்தில், தண்ணீர் புகுந்த ஒரு நிலவறையைத் தம் வீரர்களுடன் ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் காத்து நின்றார். அங்கே காவல் நின்ற ஒருவன் குண்டுவீச்சில் பார்வையிழந்தான். அந்த இரவு பின்னர் ‘சென்ட்ரி’ என்ற கவிதையாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் அருகே வெடித்த குண்டொன்று அவரைத் தூக்கியெறிந்தது. உடலில் பெரிய காயமில்லை, உள்ளம் குலைந்தது. எடின்பரோ நகரையடுத்த கிரேக்லாக்கார்ட் மருத்துவமனைக்கு ஜூனில் அனுப்பப்பட்டார். அங்கே சீக்பிரிட் சசூனைச் சந்தித்ததும், அச்சந்திப்பால் அவர் கவிதை திசைமாறியதும் இவ்வவை நன்கறிந்த செய்திகள்.

சசூனும் மிலிட்டரி கிராஸ் பெற்றவரே. 1917இல் அப்பதக்கத்தின் நாடாவை மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் வீசியெறிந்தவர். அத்தகையவரைத் தலைமேல் வைத்துப் போற்றிய ஓவன், 1918 ஆகஸ்டு இறுதியில் மீண்டும் போர்முனைக்குச் சென்றார். இறுதியாகப் பிரிந்தபோது அவர் தாயிடம் சொன்னவை தாகூரின் சொற்கள். 1920இல் அத்தாயே தாகூருக்கு இதை எழுதித் தெரிவித்தார்.

அக்டோபர் 1, 2 ஆகிய நாட்களில் ழோன்கூர் ஊரருகே ஜெர்மானியரின் ஃபோன்சோம் அரண்வரிசை தாக்கப்பட்டது. கம்பெனித் தலைவர் வீழ்ந்ததும் ஓவன் பொறுப்பேற்றார். எதிரியின் கடுமையான எதிர்த்தாக்குதலைத் தாங்கி நின்றார். அதற்காகவே மிலிட்டரி கிராஸ். கேப்டனும் அவருக்குக் கீழ்ப்பட்டோரும் காட்டும் வீரத்துக்கென 1914 டிசம்பரில் ஏற்படுத்தப்பட்ட பதக்கம் அது. தமக்குப் பரிந்துரை செய்யப்பட்டதை அறிந்து ஓவன் மகிழ்ந்தார். ஊர் திரும்பிப் பேசும்போது தம் சொல்லுக்கு அது வலுச்சேர்க்கும் என்பது அவர் எண்ணம். போரைச் சாடுபவனைக் கோழை என்று ஒதுக்கிவிட முடியாதல்லவா!

1919இல் லண்டன் கெஸட் அரசிதழ் பாராட்டுரையை வெளியிட்டது. கைப்பற்றப்பட்ட பகைவரின் இயந்திரத் துப்பாக்கியைத் தனித்துக் கிடந்த ஓரிடத்திலிருந்து தாமே இயக்கிப் பகைவர்க்குப் பேரிழப்பை விளைத்தார் என்கிறது அது. ஆனால் தம்பி ஹெரால்ட் ஓவனும் ஜான் பெல்லும் பதிப்பித்து 1967இல் வெளிவந்த கடிதத் தொகுப்பில் காணும் வாசகம் வேறு. அங்கே அவர் துப்பாக்கியைக் கைப்பற்றுகிறார்; பலரைச் சிறைபிடிக்கிறார்; எவரையும் கொல்லவில்லை.

மாற்றியவர் எவராயினும், அன்பினால் மாற்றினார் என்றே கொள்ளலாம். இரக்கத்தைப் பாடியவர் கையில் குருதி இருக்கலாகாது என்ற அன்பு. ஆயினும் அது ஓவனுக்குச் செய்த நன்மையன்று. ஒருவனை மட்டும் கைத்துப்பாக்கியால் சுட்டதாக அவரே தாய்க்கு எழுதினார். மற்றவர்களைப் புன்னகையோடு சிறைபிடித்ததாகவும் அம்மடல் சொல்கிறது. சசூனுக்கு எழுதியதில், தம் பணியாளான இளைஞன் தலையில் குண்டடிபட்டுத் தம்மீது சாய்ந்து அரைமணி நேரம் கிடந்ததையும், அவன் குருதி தம் தோளை நனைத்ததையும் குறித்தார். இந்தச் சிறுவர்களை முன்னின்று நடத்தவும், அவர்கள் படும் துன்பத்தைக் கண்டு அவர்களுக்காக வாதாடவுமே வந்ததாக வீட்டுக்கு எழுதியிருந்தார். கொன்றவனின் இரக்கமும் கொல்லாதவனின் இரக்கமும் ஒன்றல்ல. பகைவனைக் கொன்று, பின்னர் மறுவுலகில் அவனையே எதிர்கொள்ளும் ஒருவனைப் பாடிய கவிஞருக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். திருத்திய வாசகம் அவரை அக்கவிதைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

1918 நவம்பர் 4ஆம் நாள் காலை, ஓர்ஸ் அருகே சாம்பர்–வாஸ் கால்வாயைத் தம் வீரர்கள் கடக்க உதவிக்கொண்டிருந்தபோது ஓவன் சுடப்பட்டு இறந்தார். வயது இருபத்தைந்து. அதுவரை அச்சேறிய கவிதைகள் ஐந்தே. ஸ்ரூஸ்பரியில் இருந்த பெற்றோருக்குத் தந்தி வந்தது நவம்பர் 11 அன்று. போர் நின்ற மகிழ்ச்சியில் ஊர்மணிகள் ஒலித்துக்கொண்டிருந்த நேரம்.

கல்லில் எச்சொல் நிற்கவேண்டும் என்பதை எஞ்சியிருப்போரே முடிவு செய்கின்றனர். நடுகற்களைக் கண்ட தமிழர்க்கு இது புதிதன்று. ஓர்ஸ் ஊர்க் கல்லறையில் மகனின் கவிதையிலிருந்து தாய் தேர்ந்த தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. மாண்டவர் மீண்டும் உயிர்பெறுவரோ என்று அது வினவுகிறது. இறப்பெல்லாம் இல்லாமற்போகும் என்று விடையும் கூறுகிறது. கவிதையிலோ அந்த விடையும் ஒரு வினாவே. தொடர் இன்னும் நீண்டு இரண்டாம் வினாக்குறியில் முடிகிறது. அடுத்து வருவது மறுப்பு. கல் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.